விளக்கை அணைக்கச் சொன்ன அத்தியாயம்

நான் எழுதிக் கொடுத்தது ஒரே கட்டு. கோயில் தலைவர் திருப்பிக் கொடுத்தபோது அது இரண்டு கட்டாக வந்தது.

ஒன்று தடிமன். இன்னொன்று மெலிசு, ஏழெட்டுத் தாள்தான் இருக்கும். தடிமனானதற்கு அவரே ஓர் அட்டை வைத்து ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். மெலிசானதற்கு ஒன்றும் இல்லை. மேசை விளிம்பில் வளைந்து தொங்கியது.

“இது புத்தகம்,” என்று தடிமனானதைத் தட்டினார். மெலிசானதை என் பக்கம் தள்ளினார். “இது வேணாம்மா.”

ஜொகூர் மாநிலத்தின் சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டிய கோயில் அது. மண்டபத்தில் அன்னதானம் முடிந்திருந்தது. பின்பக்கம் பெண்கள் அண்டா கழுவும் சத்தம். தரையில் ஈரம் காயவில்லை. சாம்பாரும் ஃபினாயிலும் கலந்த வாசனை. தலைக்கு மேலே ஒரு காற்றாடி கிடுக் கிடுக்கென்று ஆடியது. அது கழன்று விழுந்தால் எங்கே விழும் என்று பார்த்து, நாற்காலியை நகர்த்திப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். நான் எங்கே போனாலும் அப்படித்தான்.

“மத்ததெல்லாம் பிரமாதம் சரசு. பாமாயில் ஆலைல வருசா வருசம் தீ ஒத்திகை நடத்துனவன் நான். எண்ணெய்ல பிடிச்ச தீயில தண்ணி ஊத்தாதீங்கன்னு எழுதியிருக்க பாரு, அதுக்கே உனக்குப் பொன்னாடை போத்தலாம். ரெண்டு எடத்துல தப்பு இருந்துச்சு. திருத்திட்டேன்.”

திருத்தியது உண்மை. ஆக்ஸிஜன் எரியும் என்று நான் எழுதியிருந்தேன். அது எரிவதில்லை, மற்றதை எரிய வைக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் அழகாக எழுதியிருந்தார். அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றிக்கடன் பட்டவள் நான்.

“அப்ப இது மட்டும் ஏன் வேணாம் தலைவரே?”

அவர் பின்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சாமி விளக்க அணைன்னு எப்படிம்மா புத்தகத்துல போடுவ?”

அந்த ஏழெட்டுத் தாள்

என்னுடைய முதல் புத்தகம் தீயைப் பற்றியது. வீட்டில் தீ எப்படிப் பிடிக்கிறது, எப்படிப் பரவுகிறது, பிடித்தால் என்ன செய்வது, பிடிக்காமல் இருக்க என்ன செய்வது. எரிவாயுத் தோம்பு, பழைய மின்கம்பி, இரும்புக் கிரிலைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கேயோ வைக்கும் பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். கடைசி அத்தியாயம் சாமி மேடைக்கு.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வரவேற்பறை மூலையில், இல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில், பலகை அடித்த சாமி மேடை. பின்னால் ஜரிகைத் துணி. மேலே பிளாஸ்டிக் பூமாலை. பக்கத்தில் ஊதுபத்தி, கற்பூரப் பெட்டி, எண்ணெய்ப் போத்தல். நடுவில் விளக்கு. தீப்பிடிக்க என்னென்ன வேண்டும் என்று ஒரு பரீட்சையில் கேட்டால், எங்கள் சாமி மேடையைப் படம் எடுத்து ஒட்டிவிடலாம்.

காலையில் விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். பேருந்து வந்துவிடும், சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்குப் பாலத்தில் நெரிசல் ஆகிவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஏன் என்றால் சாமி விளக்கை நாம் அணைக்க மாட்டோம். வாயால் ஊதுவது பெரிய பாவம். ‘அணை’ என்ற சொல்லே வீட்டில் ஆகாது. எண்ணெய் தீர்ந்து, அது தானாக மலையேற வேண்டும்.

நான் எழுதியது இவ்வளவுதான்: வீட்டில் ஆள் இல்லாதபோது விளக்கு எரியக் கூடாது. வெளியே போகும் முன் அதை அணைத்துவிட்டுப் போங்கள். பின்னால் இருக்கும் துணியைக் கழற்றிவிடுங்கள். சாமிக்குத் துணி வேண்டும் என்றால் சாமிக்குக் கட்டுங்கள், சுவருக்குக் கட்டாதீர்கள்.

இதை நான் வானத்திலிருந்து பிடித்து எழுதவில்லை. எங்களுக்கு மூன்று வரிசை தள்ளி ஒரு பெண் இருந்தாள். பெயர் வேண்டாம், புஷ்பா என்று வைத்துக்கொள்வோம். அவளும் அவள் கணவனும் வேலைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, காலை நேரத்தில் அவர்கள் வீட்டு முன்னறை எரிந்தது. பொம்பாவிலிருந்து தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முன்னறை முழுவதும் கரி. உருகிய பிளாஸ்டிக் மாலை சொட்டுச் சொட்டாகத் தரையில் ஒட்டியிருந்தது. புஷ்பா தொழிற்சாலைச் சீருடையோடு சாலையில் நின்று, “நான் சாமிக்குத்தானே ஏத்துனேன், சாமிக்குத்தானே ஏத்துனேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எரிந்ததுகூடப் போகட்டும். அடுத்த வாரம் சந்தையில் நான் போட்டிருக்கும் தோசைக் கடைக்கு வந்தவர்கள் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சாமி குத்தம்லா. என்ன தீட்டோட ஏத்துனாளோ.”

“சும்மாவா எரியும்? மேடையே எரிஞ்சிருக்குன்னா பாத்துக்க.”

துணி எரிந்தது. அதற்குப் பக்கத்தில் விளக்கு இருந்தது. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் எங்கள் தாமானில் அதைத் தவிர மற்ற எல்லாக் காரணமும் பேசப்பட்டது.

பயந்தவள் படித்த படிப்பு

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாசிக்கிறவர்களில் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?

இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம், எட்டாம் வகுப்பு மாதிரி. அதையும் முடிக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, வீட்டில் சின்னதுகள் இருந்தன, நான் நின்றுவிட்டேன். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி இளகும். அந்த இளக்கம் எனக்குப் பிடிக்காது. நான் படிப்பை விட்டேனே தவிர, வாசிப்பை விடவில்லை.

வாசிக்க வைத்தது அறிவுத் தாகம் என்று சொன்னால் பொய். பயம்தான்.

பதினெட்டு வயதில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜன்னல் இல்லாத பெரிய கூடம். கோடியில் ‘வெளியேறும் வழி’ என்று பச்சை விளக்கு எரியும் ஒரு கதவு. அந்தக் கதவு உண்மையிலேயே திறக்குமா என்ற எண்ணம் எனக்குள் புகுந்துகொண்டது. தினமும் வேலை தொடங்கும் முன் போய் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பேன். திறக்கும். மூடிவிட்டு வந்து உட்காருவேன். மறுநாள் மறுபடியும் அதே சந்தேகம்.

பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு வெளியே ஓர் அலமாரியில் மலாய்ப் புத்தகங்கள் கிடந்தன. தீ, இரசாயனம், முதலுதவி. யாரும் தொடுவதில்லை. தேநீர் இடைவேளையில் நான் எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். புகை மேலே ஏறும், தரையோடு தவழ்ந்தால் மூச்சு விடலாம் என்று முதன்முதலில் அங்கேதான் வாசித்தேன். வாசித்த அன்றைக்கு நான் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அதிலிருந்து ஒரு வழக்கம். எது பயமுறுத்துகிறதோ அதைப் பற்றி ஒரு புத்தகம் தேடுவேன். செம்பனைத் தோட்டத்தில் பாம்பு பார்த்தேன் என்று யாராவது சொன்னால் பாம்புப் புத்தகம். சாயங்காலமானால் நம் ஜொகூரில் இடி இடிக்காத நாள் உண்டா? மின்னல் புத்தகம். இதயம், சிறுநீரகம், வெள்ளம், காளான். பயப்படுவதற்கு உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. அதனால் வாசிக்கவும் எவ்வளவோ இருந்தது.

என் வீட்டுக்காரர் மணியம் லாரி ஓட்டுபவர். உலகத்தில் எதற்கும் அசராதவர்.

“மத்த பொம்பளைங்க நகைக் கடைய பாத்தா நிப்பாங்க. இவ தீயணைப்புக் கருவிய பாத்தா நிப்பா. காலுக்குச் சப்பாத்து வாங்கப் போன கடைல ‘இது எப்ப காலாவதியாகுது’ன்னு கேட்டு என் மானத்த வாங்கிட்டா,” என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

“காலாவதி ஆயிருந்துச்சா இல்லையா?”

“ஆயிருந்துச்சு. அதுக்கு?”

இத்தனையும் மலாயிலும், தட்டுத் தடுமாறி ஆங்கிலத்திலும் வாசித்தேன். தமிழில் தேடியபோது கவிதை இருந்தது, நாவல் இருந்தது, ஆன்மீகம் அலமாரி அலமாரியாக இருந்தது. அடுப்பில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நம் வீட்டு அடுப்பைப் பார்த்து எழுதிய புத்தகம் என் கண்ணில் படவில்லை. அப்படியானால் நான்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று தோன்றிய மறுநிமிடமே பயமும் வந்துவிட்டது.

எழுதும்போதும் பயம் விடவில்லை. நான் தவறாக ஒரு வரி எழுதி, அதை நம்பி யாராவது கையைச் சுட்டுக்கொண்டால்? அதனால்தான் பொம்பா நிலையத்துக்குப் போனேன். அங்கே வாசலில் உட்கார்ந்திருந்த மூத்த தீயணைப்பு வீரர் ஒருவரிடம் என் கேள்விகளைக் கேட்டேன். மலாய்க்காரர், சிரித்த முகம். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும்.

“கக், இன்னும் ஒரு தடவ வந்தீங்கன்னா உங்களுக்கும் ஒரு தலைக்கவசம் கொடுத்துருவோம்,” என்று அக்கா முறை வைத்து மலாயில் சொல்லிச் சிரித்தார்.

சாமி மேடையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுழற்றினார். இந்துக்கள் வீடு, சீனர்கள் வீடு என்று இரண்டிலும் சாமி மேடையில் பிடித்த தீயை அணைத்திருக்கிறாராம். “அத நான் போயி சொன்னா தப்பா எடுத்துக்குவாங்க, கக். நீங்க சொல்லலாம்.”

நீங்கள் சொல்லலாம். அவர் எளிதாகச் சொல்லிவிட்டார்.

செய்யலாம், எழுதக் கூடாது

மண்டபத்தில் அன்று நான் தலைவரை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று இரண்டு கட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.  இரண்டு முறை வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

தலைவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். மண்டபத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னவர். கோயிலுக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிரதி வாங்கும்படி தானே மேடையில் பேசுவதாகச் சொன்னவர். புத்தகத்தின் முன்பக்கங்களில் போட, படத்தோடு வாழ்த்துரைகள்கூட வாங்கி வைத்திருந்தார். நம் ஊரில் ஒரு புத்தகம் வெளிவருகிறது என்றால் சும்மாவா? வாழ்த்துகிறவர்கள் வரிசையாகச் சிரித்து முடித்த பிறகுதானே புத்தகம் தொடங்கும்.

மறுநாள் அவர் மனைவி கைப்பேசியில் கூப்பிட்டார். செல்வி அக்கா. கோயில் சமையலைக் கண் பார்வையாலேயே நடத்துகிறவர்.

“ஏண்டி சரசு, அவரு சொன்னாரு. என்னத்துக்கு உனக்கு இந்த வம்பு?”

“அக்கா, நீங்க வெளிய போகும்போது விளக்க என்ன செய்வீங்க?”

அந்தப் பக்கம் குழாயை மூடும் ஓசை கேட்டது.

“பூவால திரிய எண்ணெய்க்குள்ள இறக்கிட்டுத்தான் போவேன். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க. யாரு எரிய விட்டுட்டுப் போவா?”

“தலைவருக்குத் தெரியுமா?”

“அவரு எதுக்குத் தெரிஞ்சிக்கணும்? அவரு செருப்பப் போடுறதுக்குள்ள நான் செஞ்சிருவேன்.”

“அதத்தான் அக்கா எழுதியிருக்கேன்.”

“அலமாக்! செய்யி. யாரு வேணாங்குறா? எழுதாத. பொம்பளைங்க உள்ளுக்குள்ள செய்றத எல்லாம் புத்தகத்துல போடுவாங்களா? நாளைக்கு எவனாவது ‘கோயில்லயே அணைக்கச் சொல்றாங்க’ன்னு கெளப்பி விட்டா, இவரு அடுத்த கோயில் தேர்தல்ல நிக்க முடியுமா?”

ஆக விஷயம் இதுதான். தெரிந்த வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிறது. யாரும் சொல்லித் தராத வீட்டில் நடப்பதில்லை. புஷ்பாவின் அம்மா அவள் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். சாமி விளக்கை அணைக்கக் கூடாது என்று அவளுக்கு ஊரே சொல்லித் தந்திருந்தது. பூக்காம்பால் திரியை எப்படி இறக்குவது என்பதைச் சொல்லித் தர ஒருவரும் இல்லை.

அது புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். புத்தகம் என்பது அதற்குத்தானே.

நான் போய்ச் சொன்னேன்

புஷ்பாவைப் பார்க்கப் போனேன். கரி பிடித்த சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். சாமி மேடை இருந்த இடம் காலியாக இருந்தது.

“மறுபடி வைக்கலையா?”

“பயமா இருக்கு அக்கா. கைகூப்பவே பயமா இருக்கு. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு தெரியலையே.”

அவளிடம் அந்த ஏழெட்டுத் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். உதடு அசைய அசைய, மெதுவாக. முடித்துவிட்டு முதல் தாளுக்குத் திரும்பினாள்.

“அப்ப துணிதானா அக்கா?”

“துணிதான்.”

“என் பேரப் போட்றாதீங்க. ஆனா இத எடுத்துறாதீங்க.”

வீட்டுக்கு வந்து என் சாமி மேடை முன்னால் நின்றேன். நான் சாமியை நம்புகிறவள். அதனால் பயம் அதிகம். அணைக்கச் சொல்லி அச்சடித்தால் ஏதாவது ஆகிவிடுமோ, மணியத்தின் லாரிக்கு ஒன்று வந்துவிடுமோ என்றெல்லாம் நினைப்பு ஓடியது. கடைசியில் சத்தமாகவே சொன்னேன்: “கோவம் இருந்தா என்மேல காட்டு. இத வாங்கி வாசிக்கிறவங்கமேல காட்டாத.”

பின்னால் நின்ற மணியம் கேட்டுவிட்டார். “என்மேலயும் காட்ட வேணாம்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லு.”

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். தலைவர் வாசலில் நின்று கைப்பேசியில் பந்தல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு கட்டையும் ஒரே ரப்பர் வளையத்தில் மாட்டி அவரிடம் நீட்டினேன்.

“இதுதான் தலைவரே புத்தகம்.”

அவர் வாங்கவில்லை. “சொன்னேன்ல சரசு.”

“ஒரு வரி மாத்தச் சொல்லுங்க, மாத்துறேன். ஆக்ஸிஜன திருத்துனீங்க, ஒத்துக்கிட்டேன். இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க.”

“தப்புன்னு நான் சொல்லல. எல்லாத்தையும் எழுத முடியாதுன்னு சொல்றேன். சனங்க மனசு புண்படும்.”

“புஷ்பா மனசு?”

அவர் முகம் சிவந்தது. “ஃபாரம் டூ படிச்சுட்டு சாமி விசயத்துல ஊருக்கே புத்தி சொல்ற அளவுக்குத் தைரியமா உனக்கு?”

 கட்டைப் பிடித்திருந்த கை வேர்த்துத் தாள் ஒட்டிக்கொண்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“தைரியம் எங்க இருக்கு தலைவரே? பயம்தான் இருக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தத் தாமான்ல எத்தன வீட்ல ஆள் இல்லாம விளக்கு எரியுதோன்னு எனக்கு வயித்தக் கலக்குது. உங்களுக்குக் கலக்கல. அதனாலதான் உங்களால எடுக்கச் சொல்ல முடியுது.”

“அப்ப மண்டபம் கெடைக்காது. வாழ்த்துரையும் வராது.”

“சரிங்க.”

“யாரும் வாங்க மாட்டாங்க.”

“சரிங்க.”

மூன்றாவதாக அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. அதற்கும் சரிங்க என்று சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில்தான் இரண்டும் வேறு வேறு ஜோடி என்று பார்த்தேன். திரும்பிப் போகவில்லை.

வீட்டு முன்னால் ஒரு கெமா

அச்சுச் செலவை என் தோசைக்கல் பார்த்துக்கொண்டது. வாழ்த்துரை இல்லாததால் முதல் பக்கத்திலேயே புத்தகம் தொடங்கியது. ‘அடுப்பை மூடினீர்களா?’ என்பதுதான் முதல் வரி.

வெளியீட்டு விழாவை எங்கள் வீட்டு முன்னால் வைத்தோம். சாலையை ஒட்டிக் கெமாக் கூடாரம் போட்டு, வாடகை நாற்காலி அடுக்கி, ஓர் ஒலிபெருக்கி. கெமாவின் துணி எரியுமா என்று வாடகைக்காரனிடம் நான் கேட்க, அவன் மணியத்தைப் பார்த்தான். “கொடுத்துட்டுப் போ தம்பி, கேட்டுக்கிட்டேதான் இருப்பா,” என்றார் இவர்.

நாற்காலிகளைவிட ஆட்கள் குறைவு. தோசைக் கடைக்கு வருகிறவர்கள், அக்கம்பக்கம், மணியத்தின் லாரி நண்பர்கள். தீயணைப்பு வீரர் சீருடை இல்லாமல் பாத்திக் சட்டையில் வந்திருந்தார். புஷ்பா கடைசி வரிசையில், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். யாரும் எதிர்பார்க்காத ஆள் செல்வி அக்கா. “அவரு வரல. நான் சாப்பாடு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்,” என்றார். இருந்தது கேசரியும் கோப்பியும்தான்.

தமிழர் விழா குத்துவிளக்கு இல்லாமல் தொடங்குமா? ஏற்றினோம். சுற்றிலும் ஒரு முழத்துக்கு எதுவும் இல்லாதபடி நானே இடம் பார்த்து வைத்திருந்தேன். தீயணைப்பு வீரர் மலாயில் நாலு வார்த்தை பேசினார். நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்.  முதல் பிரதியை வாங்கப் பிரமுகர் யாரும் இல்லாததால், மேசையில் வைத்துவிட்டு வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்தார்கள். எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள். ஊருக்குள் விஷயம் போயிருந்தது.

மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி தூரத்தில் உருண்டது. நாற்காலிகள் சரசரவென்று பின்னால் நகர்ந்தன. கேசரித் தட்டுகளை மூடினார்கள். வாடகைக்காரன் கெமாவைப் பிரிக்க வந்து நின்றான். எல்லோரும் கிளம்புகிறார்கள். குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது.

நான் விளக்கை நோக்கி நடந்தேன்.

“விடு சரசு,” என்றது ஓர் ஆண் குரல். “தானா மலையேறட்டும். உள்ள தூக்கி வச்சுக்கலாம்.”

எரியும் விளக்கைத் தூக்கிக்கொண்டு, காற்றில், திரைச்சீலை ஆடும் வீட்டுக்குள். நான் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

செல்வி அக்கா என் முழங்கையைப் பிடித்தார். காதோரம் சொன்னார்: “கொஞ்சம் பொறு. எல்லாரும் போகட்டும். போனப்புறம் ரெண்டு பேரும் செஞ்சிருவோம்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்தக் கை சூடாக இருந்தது. அவர் சொன்னபடி செய்திருந்தால் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு அர்த்தமும் இருந்திருக்காது.

“இல்லக்கா,” என்றேன். “எல்லாரும் பாக்கணும்.”

விளக்கின் கழுத்தில் சுற்றியிருந்த சரத்திலிருந்து காம்பு நீளமான ஒரு பூவை உருவினேன். காம்பு விளக்கில் டிக் டிக்கென்று தட்டியது. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரோ “முருகா” என்றார்கள். முதல் திரியை எண்ணெய்க்குள் இறக்கினேன். சின்னதாகச் சுருக்கென்று ஒரு சத்தம். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது அடங்காமல் இன்னொரு முறை எழுந்து எரிந்தது, பிடித்து அமுக்கினேன். ஐந்தாவதை இறக்கியபோது நல்லெண்ணெய்ப் புகை என் முகத்தில் வந்து மோதிக் கண் கரித்தது.

கடைசி வரிசையிலிருந்து புஷ்பா முன்னால் வந்திருந்தாள். போர்த்தியிருந்த தலைப்பு தோளில் கிடந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 ஒலிபெருக்கியை இன்னும் நிறுத்தவில்லை என்பது அதன் இரைச்சலில் தெரிந்தது. மணியம் அதை நிறுத்தப் போனார். நான் கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன்.

“சாமி விளக்க அணைச்சிட்டேன்,” என்றேன். சாலையின் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும். “இப்ப எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போலாம்.”